டைல்ஸ் வீட்டுக்கு இந்த வருஷம் பெயிண்ட் உண்டா?

நவம்பர் 3, திங்கள்

நேற்று கல்லறைத் திருநாள். மாமனார் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்து, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் இன்னொன்று தனியாக எரிகிறது. யாருக்கு என்று கேட்டேன். என் கொழுந்தன் சிலுவை மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். குனிந்து ஊதி அணைத்தேன்.

"மைனி, எல்லாரும் பாக்காவ" என்றான்.

"பாக்கட்டும்லே. உசிரோட இருக்க மனுசனுக்கு நீ கல்லறையில வெளக்கு வைக்கலாம், நான் அணைக்கப்படாதோ?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேட்டேன். ஒன்றையும் இங்கே எழுதப்போவதில்லை. சாமியார் மந்திரித்துக்கொண்டே இரண்டு கல்லறை தள்ளி வந்துவிட்டார், அதனால் நிறுத்தினேன்.

என் வீட்டுக்காரர் கஸ்பார் சரக்குக் கப்பல் எஞ்சின் ரூமில் ஆயில்மேன். ஜூலையில் அரபிக்கடலில் போய்க்கொண்டிருந்தபோது அவரைக் காணவில்லை என்று ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து சொன்னார்கள். காணவில்லை என்றுதான் சொன்னார்கள். காணவில்லை என்றால் காணவில்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க எவருக்கும் உரிமை கிடையாது.

நவம்பர் 5, புதன்

தெருவில் பெயிண்ட் வேலை ஆரம்பித்துவிட்டது. மழை ஒரு நாள் விட்டால் போதும், ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எதிர்வீட்டுக்கு ரோஸ் கலர். மூலைவீட்டுக்காரன் மஞ்சளும் ஊதாவும். கண்ணைக் கட்டுகிறது.

கிறிஸ்மஸுக்குப் பெயிண்ட் வாளி எடுக்காத வீடு எங்கள் தெருவில் உண்டென்றால் அது துக்க வீடு. ஸ்டாரும் கட்டமாட்டார்கள், பலகாரமும் சுடமாட்டார்கள். யாரும் வாயால் கேட்கத் தேவையில்லை, சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுத் திரேஸ் மைனி இன்று சுவரோரம் நின்று தொண்டையைச் செருமினாள். "அமலி, டைல்ஸ் வீட்டுக்கு இந்த வருசம் பெயிண்ட் உண்டா?"

அவள் கேட்டது பெயிண்ட்டைப் பற்றியா? எனக்குத் தெரியாதா?

"மழை விடட்டும்" என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

வாசலில் நின்று எங்கள் சுவரைப் பார்த்தேன். தினமும்தான் பார்க்கிறேன். இன்று வெளி ஆள் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு ஒட்டிய சுவர். எனவே ஊருக்குத் தெரிவது இந்த முன்சுவர் ஒன்றுதான். தரையிலிருந்து சன்ஷேடு வரைக்கும் கடல்பச்சை டைல்ஸ், உள்ளங்கை அகலம் ஒவ்வொன்றும். மகள் பிறந்த வருஷம் விடுமுறையில் வந்திருந்தபோது அவரே குழைத்து அவரே ஒட்டினார். கொத்தனாரை வைக்கச் சொன்னதற்கு, "எஞ்சினையே பிரிச்சு மாட்டுதவன், இதுக்கு ஒரு ஆளா?" என்றார். அதனால் வரிசை வலப்பக்கம் போகப்போக மேலே ஏறிப் போகிறது. கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தால் நேராக இருக்கும்.

அதற்குப் பிறகு டைல்ஸை அவர் தொட்டதே கிடையாது. வருஷா வருஷம் கதவுக்கும் ஜன்னலுக்கும் மட்டும்தான் பெயிண்ட். இப்போது உப்புக்காற்று தின்று பாதி டைல்ஸ் வெளுத்துவிட்டது. வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. ஜன்னல் கம்பியிலிருந்து துரு வழிந்து கோடு விழுந்திருக்கிறது. ஓரம் உடைந்தவை எத்தனையோ. ஆள் இல்லாத வீடு என்று யாராவது நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது.

நவம்பர் 9, ஞாயிறு

மணப்பாட்டிலிருந்து வெரோணிக்கம்மா போன். என் மகள் ரெஜினாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை டெரன்ஸும் கப்பல்காரன்தான். பிப்ரவரியில் ஏறிவிடுவான். மே மாசமே பேசி முடித்த சம்பந்தம். அப்போது இவர் ஊரில் இருந்தார், இவர் கையால்தான் தட்டு மாற்றினோம்.

நல்ல மனுஷிதான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"மைனி, கோவிச்சுக்கப்படாது. அண்ணன் இருக்காவன்னு நீங்க சொன்னா, இருக்காவ. நாங்க மறுக்கல. வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு, ஸ்டாரு கட்டி, கல்யாண வீடா வைங்க. இல்ல, மனசத் தேத்திக்கிட்டு அண்ணன் ஆத்துமாவுக்குப் பூசையக் குடுத்துருங்க, அது முடிஞ்ச பெறவு தையில சிம்பிளா வைப்போம். எதுன்னாலும் எங்களுக்குச் சம்மதம். ரெண்டுங்கெட்டானா வச்சுக்கிட்டு எப்படி மைனி தேதி குறிக்க? டிசம்பர் பதினாலாம் தேதி ஞாயித்துக்கெழம நாங்க நாலு பேரு வாரோம்."

போனை வைத்துவிட்டு அடுக்களையில் பாத்திரத்தை எல்லாம் இறக்கி மறுபடி அடுக்கினேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பெயிண்ட் அடிக்கிறேன். கதவு ஜன்னல் மட்டும் இல்லை, டைல்ஸ் மேலேயும். தெருக்காரர்கள் கண் கூசிப்போகிற மாதிரி. இதுவரை அடிக்காத சுவருக்கு அடித்தால் அப்புறம் எவளும் செருமமாட்டாள் அல்லவா?

நவம்பர் 12, புதன்

பெயிண்டர் இசக்கி வந்தான். வேலை குறைவு, வாய் ரொம்ப. சுவரைத் தட்டினான், நகத்தால் சுரண்டினான், தள்ளி நின்று பார்த்தான்.

"அக்கா, டைல்ஸ் மேல பெயிண்டு சும்மா நிக்காது. மொதல்ல அந்தப் பளபளப்பக் கல்லு வச்சுத் தேய்ச்சு எடுக்கணும். பொறவு பிரைமரு. பொறவுதான் பெயிண்டு. கதவு ஜன்னல் கடைசில. முன்னாடியே அடிச்சா மேலருந்து சொட்டிரும்."

"தேச்சா பொறவு பழையபடி வராதா?"

"எப்படி வரும்? தோலுல்லா போயிரும். அதான் பெயிண்டு அடிக்கமே, பொறவு எதுக்குப் பழையது?"

வெயில் ஒரு நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் அடிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். வெயிலுக்காகத்தான்.

நவம்பர் 13, வியாழன்

மழை. நல்லது.

நவம்பர் 16, ஞாயிறு

மோயீசன் வந்திருந்தான். இவரோடு அதே கப்பலில் போனவன், இவரை அண்ணன் என்பான். ஊருக்கு வந்ததிலிருந்து இது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. பூசை முடிந்து நேரே வருகிறான். வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். அவன் அம்மா மூட்டுவலியைக் கேட்டேன். தங்கச்சி பிள்ளைக்குப் பேர் வைத்தாச்சா என்று கேட்டேன். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே, "மைனி, அன்னிக்கு டெக்குல..." என்று ஆரம்பித்தான். சட்னி போதுமா என்று கேட்டேன். "மைனி, நான் ஒங்ககிட்ட..." என்றான். அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

அவன் போனபிறகு பார்த்தால் தட்டில் பஜ்ஜி அப்படியே இருக்கிறது. நன்றாகத்தான் வந்திருந்தது.

நவம்பர் 19, புதன்

மார்க்கெட்டில் சீலா நன்றாக இருந்தது. முழு மீனாக வாங்கிவிட்டேன். இவருக்குச் சீலாக் குழம்பு என்றால் மறுநாளும் வேண்டும்.

"யாருக்கும்மா இவ்வளவு?" என்றாள் ரெஜினா. ஒரு கிளியரிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமாகக் கேள்வி.

"திங்கிறவங்க தின்னட்டும்."

பாதியைத் திரேஸ் மைனிக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு வந்தேன். மீன் கொடுத்தால் மீனை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 22, சனி

வெயில். இசக்கி தேய்க்கிற கல்லும் ஏணியுமாக வந்து நின்றான். சரி, ஒன்றைத் தேய்த்துக் காட்டு என்றேன். தெரியாத இடமாகக் கதவுக்குப் பின்பக்கம் வருகிற கீழ்மூலையைக் காட்டினேன்.

கரகரவென்று தேய்த்தான். அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. தண்ணீர் ஊற்றித் துடைத்தான். பச்சை இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை. பானையின் அடி மாதிரி சொரசொரவென்று செத்துக் கிடந்தது.

"பாத்தீயளா, இப்படித்தான் முழுசும். நாள சாயங்காலத்துக்குள்ள தேச்சிருவேன்."

"போதும்டே, நிறுத்து."

"அக்கா?"

"நிறுத்துன்னா நிறுத்து. காது கேக்கலியா? ஒட்டுனவரு வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

அவன் கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். ஏணியை வாசலோரத்திலேயே சாய்த்து வைத்துவிட்டுப் போனான். நான் மனம் மாறுவேன் என்று நினைக்கிறான் போலிருக்கிறது. மாறத்தான் செய்கிறது, காலையில் ஒன்று மாலையில் ஒன்று. அடித்தால் இவர் வைத்த கை போய்விடும். அடிக்காவிட்டால் இவரையே போனவராக்கிவிடுவார்கள். இதில் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

நவம்பர் 25, செவ்வாய்

ரெஜினா ஆபீஸுக்குப் போகவில்லை. தலைவலி என்றாள். மதியம் சாப்பிடும்போது கேட்டாள்:

"அம்மா, பத்திரிகையில அப்பா பேருக்கு முன்னால என்ன போட?"

"திருன்னு போடு. வேற என்ன போடுவாவ?"

"கோயில்ல என்னைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது யாரு?"

"அதுக்குள்ள வந்துருவாவ. சோமாலியாக்காரன் பிடிச்சு வச்சிருப்பான். வேற கப்பல் தூக்கிட்டுப் போயிருக்கும். மொழி தெரியாத எடத்துல எறக்கி விட்டுருப்பான். கேரளாவுல ஒருத்தன் ஒரு வருசம் கழிச்சு வரலியா?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"எனக்கு அழணும்மா. ஜூலைலேருந்து எனக்கு அழணும். நீ விட மாட்டேங்க. ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதிட்டு மொகத்தக் கழுவிட்டு வாரேன். எங்கப்பாவுக்கு நான் பாத்ரூம்லயா அழணும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பன உசிரோட பொதைக்கதுக்குக் கல்யாண ஆசையா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். சாதம் அப்படியே கிடந்தது. நானும் தின்னவில்லை.

நவம்பர் 26, புதன்

பேசவில்லை. இரண்டு பேரும்.

நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக்கால முதல் ஞாயிறு. தெரு முழுக்க ஸ்டார் கட்டிவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் எங்கள் வாசலில் மட்டும் இருட்டு.

சிலுவை வந்தான். கல்லறையில் நடந்ததற்குப் பிறகு இன்றுதான் வருகிறான். கதவோரமாகவே நின்றான்.

"மைனி, டைல்ஸ உடையாம பேத்து எடுத்து வச்சிருவோமா? வெறும் சொவத்துல பெயிண்டு அடிக்கலாம். அண்ணன் வந்தா... வரட்டும், பாத்துக்கிடலாம்."

என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்கிறான், பாவம். அவனே ஒரு டைல்ஸை நெம்பிப் பார்த்தான். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினால் உடைந்துவிடும் என்று விட்டுவிட்டான்.

"எங்கண்ணன் எதச் செஞ்சாலும் இப்படித்தான், கூடுதலாச் சிமெண்டப் போட்டுருவான்" என்றான். சிரிக்க வந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் காப்பி போட உள்ளே போய்விட்டேன்.

டிசம்பர் 3, புதன்

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கடற்கரை ரோடு வரைக்கும் நடந்தேன். கடல் கலங்கிக் கிடந்தது. எதற்குப் போனேன் என்று தெரியவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஆட்டோவை நிறுத்தி அட்ரஸ் சொல்ல வாயைத் திறந்தேன்.

"டைல்ஸ் வீடுதானம்மா? ஏறுங்க" என்றான். இவனை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை.

டிசம்பர் 6, சனி

இத்தனை நாள் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? பெயிண்டும் வேண்டாம், விட்டுவைக்கவும் வேண்டாம். கழுவிவிட்டால் போயிற்று! உப்பும் துருவும் போனால் பழைய பச்சை பளிச்சென்று வரும். தேய்க்காமல், மூடாமல், புதுசு மாதிரி. தெருக்காரர்கள் பார்க்கட்டும். மணப்பாட்டுக்காரர்களும் பார்க்கட்டும்.

கடையில் பாத்ரூம் ஆசிட் வாங்கி வந்தேன். ரெஜினா பாட்டிலைப் பிடுங்கிவிட்டாள். ஆசிட் இடையிலிருக்கிற சிமெண்டைத் தின்றுவிடுமாம். சோப்புத் தூளும் தேங்காய் நாரும் போதும் என்றாள். பத்து நாளைக்கு மேலாயிற்று அவள் என்னோடு ஒழுங்காகப் பேசி. ஆசிட்டைத் திருப்பிக் கொடுத்தேன், கடைக்காரன் முகம் சுளித்தான்.

டிசம்பர் 8, திங்கள்

அமலோற்பவ மாதா திருநாள். என் பேர் கொண்ட நாள். எந்தக் கடலில் இருந்தாலும் இன்று போன் பண்ணிவிடுவார். லைன் கிடைக்காத வருஷம் மறுநாளாவது பேசுவார். போனைச் சார்ஜில் போட்டு மேசை மேலேயே வைத்திருந்தேன். பூசைக்கும் கையில் எடுத்துக்கொண்டு போனேன், சாமியார் முறைத்தார்.

மூன்று மணிக்கு அடித்தது. வெரோணிக்கம்மா. திருநாள் வாழ்த்துச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வருவதை ஞாபகப்படுத்தினாள்.

நாளைக்கு வெயில் வரும் போலிருக்கிறது. வராவிட்டாலும் கழுவுவேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே பிடிபடாது.

காலையில் நல்ல வெயில். ரெஜினா லீவு போட்டாள். முன்சுவரில் தண்ணீர் அடித்தால் ஜன்னல் வழியாக ஹாலுக்குள் தெறிக்கும். அதனால் கட்டிலையும் பெஞ்சையும் நாற்காலிகளையும் தூக்கித் தெருவில் போட்டோம். பாயைச் சுருட்டி வாசல் திண்டில் வைத்தோம். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்துவிட்டோம். இசக்கி விட்டுப்போன ஏணியில் நான் ஏறினேன். வேண்டாம்மா, நான் ஏறுகிறேன் என்றாள். விடவில்லை.

மேலே இருந்து வாளி வாளியாக ஊற்றினேன். நாரால் தேய்த்தேன். முதலில் வெள்ளையாக வழிந்தது, அப்புறம் துரு நிறத்தில், அப்புறம் தெளிந்து. பச்சை வந்துவிட்டது! அவர் ஒட்டின அன்றைக்கு இருந்த அதே பச்சை. "ஏட்டி, பாரு பாரு" என்று கத்தினேன். ரெஜினா வாளியோடு நின்று சிரித்தாள். என் கொண்டை அவிழ்ந்து தலையெல்லாம் நனைந்துவிட்டது. கட்ட நேரமில்லை. ஹாலுக்குள் தண்ணீர் நின்றதால் அவள் அதையும் விளக்குமாறு போட்டு வாசப்படி வழியாகத் தெருவுக்குத் தள்ளிக் கழுவிவிட்டாள்.

இடப்பக்கம் முடித்துவிட்டு ஏணியை நகர்த்தும்போதுதான் பார்த்தேன். திரேஸ் மைனி வருகிறாள். சேலையைத் தலைக்குமேல் முக்காடாக இழுத்து விட்டிருக்கிறாள். கையில் தூக்குவாளி. அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரி. மூலைவீட்டுக் கிழவி. அப்புறம் இன்னும் நாலைந்து பேர். தெருவில் கிடந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். இடம் இல்லாதவர்கள் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"என்ன மைனி?" என்றேன் ஏணியிலிருந்தே.

அவள் தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். கடுங்காப்பி. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் போட்டுக் கொண்டுவருவார்களே, அந்தக் கடுங்காப்பி.

"ஒரு வாய் குடி அமலி" என்றாள். "இப்பவாது வீட்டக் கழுவிவிட ஒனக்கு மனசு வந்துச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிலும் பெஞ்சும் தெருவில். கதவெல்லாம் திறந்து கிடக்கிறது. வீட்டிலிருந்து தண்ணீர் வாசப்படி தாண்டி ஓடுகிறது. நான் தலைமுடியை விரித்துப்போட்டு நிற்கிறேன். சவப்பெட்டியை எடுத்துக் கல்லறைக்குப் போனதும் பெண்கள் வீட்டை இப்படித்தானே கழுவிவிடுவார்கள்? எங்கள் வீட்டில் பெட்டி இல்லை, எடுக்க உடம்பும் இல்லை, அதனால் ஜூலையிலிருந்து யாரும் கழுவவில்லை. இன்றைக்கு நான் பட்டப்பகலில் தெருவே பார்க்கக் கழுவியிருக்கிறேன்.

"எந்திரிச்சுப் போங்க எல்லாரும்!" என்று கத்தினேன். "யாரு செத்துட்டாவன்னு வந்தீய? டைல்ஸுக்கு உப்புப் பிடிச்சிருக்குன்னு கழுவுதேன். கண்ணு அவிஞ்சா போச்சு? காப்பி கொண்டாந்துட்டாளுவ காப்பி!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எனக்கு வாயா இல்லை? ஒவ்வொருத்தி வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும், இரண்டு நிமிஷத்தில் தெருவையே காலி பண்ணியிருப்பேன்.

அதற்குள் ரெஜினா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். நேரே போய்த் திரேஸ் மைனி மடியில் விழுந்தாள். "எப்பா" என்று ஒரே சத்தம். அந்த மாதிரிச் சத்தம் என் பிள்ளையிடமிருந்து நான் கேட்டதில்லை. ஈரத் தரையில் புரண்டு அழுதாள். "எப்பா, ஒங்க மொகத்தக்கூடப் பாக்கலியேப்பா" என்றாள். அந்தப் பொம்பளைகள் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் திட்டியதை ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. மூலைவீட்டுக் கிழவி மட்டும் என்னை அண்ணாந்து பார்த்து, "எறங்கு மக்கா, பிள்ளையப் பாரு" என்றாள்.

வலப்பக்கம் முழுக்கப் பாக்கி இருந்தது. நார் கையில் இருந்தது. நான் தொடர்ந்து தேய்த்திருக்கலாம். என் பிள்ளை அழ அழ நான் ஏணி மேல் நின்று டைல்ஸ் தேய்த்திருக்கலாம்.

இறங்கினேன். இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தலையை என் மடிக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அவளை நிறுத்தச் சொல்லவும் இல்லை. திரேஸ் மைனி டம்ளரை வாயருகே கொண்டுவந்தாள். சர்க்கரை ரொம்பப் போட்டிருந்தாள். குடித்தேன்.

டிசம்பர் 10, புதன்

செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. சிலுவை வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடிவந்தான். வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். "பூசைக்குச் சொல்லட்டுமா மைனி?" என்று கேட்டான். உன் இஷ்டம் என்றேன்.

மத்தியானம் மோயீசன் வந்தான். இன்றைக்கு நான் பஜ்ஜி போடவில்லை. எதிரில் உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றேன்.

அவன் என்னையும் ரெஜினாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சொன்னான். அன்றைக்குக் கடல் ரொம்ப மோசம். டெக்கில் ஒரு பம்ப் வால்வை அடைக்க இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். வேலை முடிந்துவிட்டது. அவனை முதலில் உள்ளே போகச் சொல்லிவிட்டு இவர் பின்னால் வந்திருக்கிறார். கதவருகே வந்து அவன் திரும்பிப் பார்க்கும்போது அலை டெக் மேல் ஏறி இறங்கியது. இறங்கினபிறகு இவர் இல்லை. தண்ணீருக்குள் ஒரு தடவை பார்த்திருக்கிறான். கையைத் தூக்கவில்லையாம். தலை கம்பியில் அடிபட்டிருக்கும் என்கிறான். கப்பல் திரும்பி வந்து இருட்டும்வரை தேடியிருக்கிறார்கள்.

"நான் பாத்தேன் மைனி. என் கண்ணால பாத்தேன். வந்த அன்னிக்கே ஒங்ககிட்ட சொல்லணும்னுதான்..."

"தெரியும்டே" என்றேன். அவன் முதல் நாள் வாசலில் வந்து நின்ற முகத்திலேயே எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் எதற்கு அவனைப் பேசவிடாமல் அத்தனை பஜ்ஜி சுட்டேன்?

"கஷ்டப்பட்டாவளா?" என்று ரெஜினா கேட்டாள். இல்லை பிள்ளை, சட்டென்று முடிந்துவிட்டது என்றான். அது அவனுக்குத் தெரியுமோ, எங்களுக்காகச் சொன்னானோ. கேட்கவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

வெரோணிக்கம்மா பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம், தேதி குறிக்க இல்லை, துக்கம் கேட்க. பூசை முடியட்டும், தை கடைசியில் மணப்பாட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், பிள்ளையைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள் என்றாள். ரெஜினா நேற்று இரண்டு வேளையும் சாப்பிட்டாள். இன்று ஆபீஸுக்குப் போயிருக்கிறாள். கண் வீங்கியிருக்கிறது, ஆனால் முகம் தெளிந்துவிட்டது.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன். பிள்ளை அழுகிறாள், தெரு அழுகிறது, கொழுந்தன் அழுகிறான். எல்லாருக்கும் அவர் போய்விட்டார். எனக்கு ஏன் இன்னும் போகவில்லை?

டிசம்பர் 12, வெள்ளி

இசக்கி ஏணியை எடுக்க வந்தான். எட்டையபுரம் பக்கம் வேலையாகப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினானாம், தெருவில் யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

சுவரைப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்து நின்றான். இடப்பக்கம் பளபளவென்று பச்சை, வலப்பக்கம் வெள்ளை பூத்துப் பழையபடி.

"என்னக்கா இது, அரையும் கொறையுமா நிக்கி? நல்ல வெயிலு அடிக்கி. இன்னிக்கே ஆரம்பிச்சா கிறிஸ்மஸுக்குள்ள முடிச்சிரலாம். அடிச்சிரட்டா?"

எனக்குக் கீரையில் கவனம். ஒரு பூச்சி ஓடியது, அதைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னேன்:

"துக்க வீட்டுக்கு எவனாவது பெயிண்டு அடிப்பானாடே? அண்ணன் போயிட்ட வருசம்லா இது. ஏணியக் கொண்டு போ."

இசக்கி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். பிறகு ஏணியைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் தெருமுனை திரும்பின பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. யாரும் கேட்டுச் சொல்லவில்லை, யாரும் அழுத்திச் சொல்ல வைக்கவில்லை. பெயிண்ட் வேண்டாம் என்று சொல்வதற்காக, உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன்.

முறத்தைக் கீழே இறக்கி வைத்தேன். ரெஜினா ஆபீஸ் விட்டு வரும்வரைக்கும் அழுதேன்.